முதல் ரேசிங் சைக்கிள்: 65,000 ரூபாய்க்குப் பாவிச்சதா, புதுசா?

தென்மராட்சி:
சாவகச்சேரியில இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஏ9-ஆல போய்வர வேணும், ஒரு பக்கம் 16 கிலோமீற்றர் அளவு. ஞாயிறு எண்டால் பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கமும் ஓடுற எண்ணம். உயரம் 5 அடி 7. ஜப்பானில இருந்து வந்த பாவிச்ச ரேசிங் சைக்கிள் ஒண்டு, வளைஞ்ச ஹாண்டில் போட்ட புது 21 கியர் ஒண்டு, ரெண்டும் விலைக்கு நிக்குது. எதை எடுக்கலாம்?

கப்கோன்:
பாவிச்சதை எடுங்கோ தம்பி. அந்த விலைக்கு வாற புது 21 கியரில ரேசிங் எண்டு சொல்லக்கூடியது ஹாண்டில் மட்டும்தான். பின் சில்லைக் கழட்டினால் விளங்கும். 7 பல்லுச்சில்லுப் பிறீவீல் திருகின ஹப்பில, அதுதான் சில்லின்ரை நடு உருளையில, வலப்பக்கப் பேரிங் போல்ஸ் நல்லா உள்ளுக்குத் தள்ளி இருக்கும், அச்சின்ரை வலது நுனி தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிக்கும். குழியில விழ விழ அச்சு வளையும், பிறகு முறியும். மியாட்டா, பனசோனிக், பிரிட்ஜ்ஸ்டோன் எதெண்டாலும், குரோமோலி எண்ட உருக்குப் பிறேமும், பல்லுச்சில்லைத் திருகாமல் செருகுற சிமானோ கசெற் ஹப்பும் இருந்தால் போல்ஸ் அச்சின்ரை நுனிக்குக் கிட்ட இருக்கும். அது நிண்டு பிடிக்கும்.

நெருஞ்சி:
கப்கோன் அண்ணை பிறேமைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் சில்லு அளவைப் பற்றி மூச்சும் விடேல்லை. பழைய ஜப்பான் சைக்கிளில 27 அங்குலச் சில்லும் வரும், 700சி-யும் வரும். 27 எண்டால் ரயர் குந்துற இடத்தில றிம்மின்ரை விட்டம் 630 மில்லிமீற்றர், 700சி எண்டால் 622. எங்கட சாதாரண 28 x 1½ சைக்கிள் 635. மூண்டும் கண்ணுக்கு ஒண்டுபோலத்தான் தெரியும், ஒண்டின்ரை ரயர் மற்றதுக்குப் பொருந்தாது. ரயரின்ரை பக்கத்தில 25-622, 32-630 எண்டு சின்னதாய்க் குத்தியிருக்கும், விலை பேச முதல் அதை வாசியுங்கோ. 630 எண்டால் விட்டிட்டு வாங்கோ.

ரெண்டாவது, வால்வு. ஜப்பான் ரேசிங்கில மெல்லிய பிரெஞ்சு வால்வு, றிம் துளை 6.5 மில்லிமீற்றர். ஊர்ச் சைக்கிளின்ரை ரியூப் அந்தத் துளைக்குள்ள போகாது. நெருஞ்சி முள் குத்தின நாளில கைதடியில நிண்டு என்ன செய்யிறது? அதுதான் புதுசு எண்டு சொல்லுறன். வளைஞ்ச ஹாண்டில் வேண்டாம், 700சி சில்லு, நேர் ஹாண்டில், அலுமினியப் பிறேம், 7 கியர். சாமான் எந்தக் கடையிலயும் எடுக்கலாம்.

கப்கோன்:
வால்வுப் பிரச்சினைக்கு ஒரு சின்னப் பித்தளை அடப்டர் காணும், ஊர்ப் பம்பால காத்து அடிக்கலாம். ஸ்பெயர் ரியூப் ரெண்டு சீற்றுக்குக் கீழ கட்டிவிட்டால் கைதடியிலயும் 10 நிமிசத்தில மாத்தலாம். துளையை 8.5-க்குப் பெருப்பிக்கச் சொல்லி ஆரும் சொன்னால் கேட்க வேண்டாம், மெல்லிய றிம்மின்ரை பலம் போய்விடும். நேர் ஹாண்டிலோ? மட்டமான ரோட்டில 25 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல காலின்ரை பலத்தில பெரும்பங்கு காத்தைத் தள்ளத்தான் போகுது. குனிஞ்சு பிடிக்க இடமில்லாட்டி 2 கிலோ பாரம் குறைச்சும் பிரயோசனமில்லை.

ஒற்றைப்பல்:
யாழ்ப்பாணத்தில மலை எங்க இருக்கு? ஒரு 42 பல்லு முன்னுக்கு, 16 பின்னுக்கு, ஒற்றைக் கியரே காணும். கேபிள், கியர்மாத்தி ஒண்டும் இல்லை, கடல் உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்கச் சாமானும் குறைவு. மிஞ்சுற காசை நல்ல ரயரில போடுங்கோ.

சோளகம்:
மலை இல்லை, காத்து இருக்கு. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் பண்ணைப் பாலத்தில வேலணைக்குப் போகேக்க சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, முகத்தில அறையும். கணக்கைப் பாருங்கோ. 42/16-ல பெடல் ஒரு சுத்துக்கு 5.5 மீற்றர், நிமிசத்துக்கு 80 சுத்துச் சுத்தினால் மணிக்கு 26 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல. எதிர்க்காத்தில வேகம் 18-க்கு இறங்கினால் சுத்து 54, முழங்காலாலதான் தள்ள வேணும். 39/21 இருந்தால் அதே 18-க்கு 77 சுத்து, மூச்சால ஓடலாம். முன்னுக்கு 52/39, பின்னுக்கு 13-24 கொண்ட பழைய 7, 8 கியர் தாராளம். 9-க்கு மேல போக வேண்டாம். 6, 7, 8 கியருக்கு ஒரே செயின் காணும், அது மலிவு.

ஒற்றைப்பல்:
42/18-ஆய் மாத்தினால் எதிர்க்காத்தும் சமாளிக்கலாம். ஆனால் போகவர 32 கிலோமீற்றர் நாளாந்தம் எண்டால் கியர் வேணும் எண்டதை ஒத்துக்கொள்ளுறன்.

தென்மராட்சி:
அப்ப பாவிச்சதையே பார்க்கப் போறன். கடையில நிண்டு எதைப் பார்க்கிறது? என்ரை அளவு தெரியாது.

கப்கோன்:
வெறுங்காலோட சுவரில சாய்ஞ்சு நிண்டு, ஒரு தடிச்ச கொப்பியைக் கவட்டுக்குள்ள இறுக்கிப் பிடியுங்கோ. அதின்ரை மேல் விளிம்பில இருந்து நிலம் மட்டும் அளவுங்கோ. 78 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம்: 0.67-ஆல பெருக்கினால் 52, அதுதான் சீற் குழாயின்ரை நீளம். 0.883-ஆல பெருக்கினால் 69, அது பெடல் கைகள் சுத்துற பிறேமின்ரை கீழ் அச்சின்ரை நடுவில இருந்து சீற்றின்ரை மேல் மட்டும். 56 பிறேமைச் சீற்றை இறக்கி ஓடலாம் எண்டு விப்பினம். எடுக்காதேங்கோ, ஹாண்டில் எட்டாமல் கழுத்தும் கையும் நோகும்.

முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கோ. நடுவில வந்து "டக்" எண்டு நிண்டால் ஹாண்டில் பேரிங்கின்ரை கப் பள்ளம் விழுந்திட்டுது. செயினுக்கு 12 அங்குல அடிமட்டம் காணும்: ஒரு ஆணியின்ரை நடுவில 0-வை வைச்சால் 12-ல இன்னொரு ஆணியின்ரை நடு வரவேணும். 1/16 அங்குலம் தள்ளி நிண்டால் செயின் மாத்த வேணும், 1/8 எண்டால் பல்லுச்சில்லும் சேர்த்துப் போச்சு. குரோம் பூசின இரும்பு றிம் எண்டால் மழைக்குப் பிறேக் பிடிக்காது, அலுமினிய றிம்மாய்ப் பாருங்கோ. தலைக்குழாய்க்குப் பின்னால, கீழ்க்குழாய் ஒட்டுற இடத்தில பெயின்ற் சுருங்கியோ வெடிச்சோ இருந்தால் அந்தப் பிறேம் எங்கயோ அடிபட்டிருக்கு.

நெருஞ்சி:
முக்கியமானதை விட்டிட்டியள் அண்ணை, சீற் தண்டு. அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள்ள உப்புக்காத்தோட வருசக்கணக்காய் நிண்டால் ரெண்டும் அரிச்சு ஒட்டிப்போகும், விளிம்பில வெள்ளையாய்ப் பொடி தெரியும். கடைக்காரர் முன்னாலயே போல்ற்றைத் தளர்த்தி, சீற்றைப் பிடிச்சுத் திருப்பச் சொல்லுங்கோ. அசையாட்டி வாங்காதேங்கோ. அசைஞ்சால் முழுக்க இழுத்தெடுத்து, போன் லைற்றைக் குழாய்க்குள்ள அடிச்சுத் துரு பாருங்கோ, கிறீஸ் பூசிப் போடுங்கோ.

பாவிச்சதுதான் எண்டால் சைக்கிளுக்கு 48,000-ஐத் தாண்டாதேங்கோ. மிச்சம் 17,000-க்கு ரயர் ரெண்டு, ரியூப் நாலு, பிறேக் கட்டை, கேபிள், செயின். பிறேக்குக்கும் ரயருக்கும் இடையில இடம் இருந்தால் 28 மில்லிமீற்றர் ரயர் போடுங்கோ, 65 கிலோ ஆளுக்குக் காத்து 75 பிஎஸ்ஐ காணும். 23-ஐ 100-க்கு அடிச்சு எங்கட ஒழுங்கைக் கல்லில ஓடினால் கை மரத்துப்போகும், காத்துக் குறைஞ்சால் றிம் ரியூபைக் கடிக்கும்.

சோளகம்:
ரியூப் நாலையும் ரயரையும் முதல் எடுத்து வைச்சிட்டுப் பிறகு சைக்கிளை எடுங்கோ. 622-க்கு ரயர் கையில இருந்தால் கடையிலயே ஏத்திப் பார்த்து, பிறேம் உரசுதோ எண்டு கண்டுபிடிக்கலாம்.