அயர்லாந்துக் கவுண்டி மன்றம்: 'ரிசர்வ்டு ஃபங்ஷன்' என்பதற்குத் தமிழ்ச் சொல்

ந. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் உள்ளாட்சி பற்றிய கட்டுரைத் தொகுதியில் ஒரு சொல் வழிமறித்து நிற்கிறது: ரிசர்வ்டு ஃபங்ஷன். வரைவில் 'ஒதுக்கப்பட்ட பணி' என்று இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர் இதைக் கண்டதும் இடஒதுக்கீடு, தனி வார்டு என்றே எண்ணுவார். பொருள் முற்றிலும் வேறு.

கவுண்டி (அயர்லாந்தின் உள்ளாட்சிப் பகுதி) மன்றத்தின் வேலை முழுவதும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஏற்பது, நில வளர்ச்சித் திட்டம் இயற்றுவது, துணைவிதி போடுவது, கடன் வாங்க ஒப்புவது, உள்ளூர்ச் சொத்து வரி விகிதத்தை ஏற்றுவது அல்லது இறக்குவது ஆகியவை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றினால்தான் செல்லும். தனி ஒருவரின் மனுவுக்குத் திட்ட அனுமதி தருவது, மன்றத்து வீட்டை யாருக்குக் கொடுப்பது, ஆள் எடுப்பது, ஒப்பந்தம் போடுவது எல்லாம் தலைமை நிர்வாகியின் பொறுப்பு. 2001ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இதை வகுத்திருக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். உறுப்பினர்களுக்கு உரியவை எவை என்று சட்டம் பெயர் சொல்லி வைக்கிறது. பெயர் சொல்லாத அத்தனையும் தாமாகவே நிர்வாகப் பக்கம் போய்விடும். ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் 'அவைக்கு மட்டுமே உரியது' என்ற கருத்து இருந்தாக வேண்டும்.

என் முன்மொழிவு: 'அவையுரிப் பணி'. எதிர்ப்பக்கத்துக்கு 'அலுவலர் பணி'. கருத்துச் சொல்லுங்கள்.

ச. எழுதியது:

ந. ஐயா, 'அவையுரிப் பணி' நன்றாக இருக்கிறது. 'உரி' என்பதைத் தோலுரிப்பது என்று சிலர் வாசிக்கக்கூடும் என்று முதலில் தோன்றியது. ஆனால் 'உரிச்சொல்' பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல். தடை இல்லை.

வரைவில் வேறு மூன்று இடங்களைத் திருத்த வேண்டும். மன்றத்தின் தலைவரை ஐரிஷ் மொழியில் 'கஹீர்லாக்' என்கிறார்கள். 'கஹீர்' என்றால் நாற்காலி. இலங்கையில் பிரதேச சபைத் தலைவரைத் 'தவிசாளர்' என்று சொல்கிறோமே, அதுவே இங்கே அப்படியே பொருந்தும். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை ஆண்டுக்கொரு முறை ஆண்டுக் கூட்டத்தில் தெரிவு செய்கிறார்கள். 'மேயர்' என்று பொதுவாகப் போட்டுவிட வேண்டாம்.

தலைமை நிர்வாகியை 'ஆணையாளர்' என்று எழுதியிருப்பது தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். தமிழ்நாட்டு மாநகராட்சி ஆணையரை நினைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒப்புமை விளங்குகிறது. ஆனால் அயர்லாந்தில் ஆணையாளர் என்றால் மன்றம் கலைக்கப்பட்ட பின் அதன் இடத்தில் அமர்த்தப்படுகிறவர். 1969இல் டப்ளின் மாநகர மன்றம் போதிய வரி விதிக்க மறுத்தது. அமைச்சர் அதைக் கலைத்தார், 1974 தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லை. பாதீட்டை (வரவு செலவுத் திட்டத்தை) ஏற்பது அவையுரிப் பணி; அதைச் செய்யாமல் விட்டால் அவையே போய்விடலாம். இந்த இரண்டு பதவிகளுக்கும் ஒரே சொல் இருந்தால் அந்தப் பத்தியே விளங்காது.

'விருப்பு வாக்கு' என்பதையும் எடுத்துவிடுங்கள். இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அதன் பட்டியலில் மூன்று பேர் வரை அடையாளமிடலாம். அந்த மூன்றுக்குள் முன்பின் கிடையாது. அயர்லாந்தில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் இடுகிறார்கள், வெவ்வேறு கட்சிக்காரராக இருந்தாலும். மாநிலங்களவைத் தேர்தல் வழியாக இந்தியாவில் வழங்கும் 'ஒற்றை மாற்று வாக்கு' இருக்கும்போது புதிதாகத் தேட வேண்டியதில்லை.

ம. எழுதியது:

'அவையுரிப் பணி'க்கு என் ஆதரவு. 'அலுவலர் பணி'யை ஏற்க முடியவில்லை. லிமெரிக்கில் 2024 ஜூன் முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் இருக்கிறார். முன்பு தலைமை நிர்வாகியிடம் இருந்த பணிகளில் கணிசமானவை இப்போது அவரிடம். அவர் அலுவலர் அல்லர். மற்ற 30 மன்றங்களுக்குப் பொருந்தும் சொல் லிமெரிக் கட்டுரையில் பொய்யாகிவிடும். 'நிர்வாகப் பணி' என்று வைத்தால் செய்பவர் யாராக இருந்தாலும் சரியாக இருக்கும்.

இன்னொரு சோதனை, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140ஆம் பிரிவு. தலைமை நிர்வாகியின் கையில் உள்ள ஒரு வேலையை 'இப்படிச் செய்' என்று உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுப் பணிக்கலாம். செயல் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் அதற்குப் பணம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பணியாளர் விவகாரத்தில் இது செல்லாது. திட்ட அனுமதியிலும் 2014 சீர்திருத்தத்துக்குப் பிறகு செல்லாது. அதற்கு முன்பு உறுப்பினர்கள் இதை வைத்து நிர்வாகியை நெருக்கியது உண்டு. இப்படிப் பணித்தாலும் அந்த வேலை நிர்வாகப் பணியாகவே இருக்கிறது, அவையுரிப் பணியாக மாறுவதில்லை. அதனால் கட்டுரையில் 'நிர்வாகிக்கு மட்டுமே உரிய' என்று எங்கும் எழுதக் கூடாது. 'மட்டும்' அவையின் பக்கத்தில்தான் உண்டு.

கவுண்டியை 'மாவட்டம்' என்று மாற்றவும் வேண்டாம். கவுண்டிக்குள்ளேயே முனிசிபல் டிஸ்ட்ரிக்ட் என்ற பிரிவு வருகிறது, இரண்டும் மோதும்.

தி. எழுதியது:

பொருள் சற்று விலகுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டுச் சிக்கல் 'கோட்டா'விலும், அதாவது ஒரு வேட்பாளர் எட்டினால் தேர்வாகிவிடும் வாக்கு அளவிலும், இருக்கிறது. வாக்கு எண்ணும் பகுதியில் 'ஒதுக்கீட்டு எண்' என்று வருகிறது, அது ஆகாது.

கணக்கு இது: செல்லும் வாக்குகளை, இடங்களோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று சேர்க்க வேண்டும். ஆறு இடங்கள் உள்ள தேர்தல் வட்டாரத்தில் 9,800 செல்லும் வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். 9,800ஐ 7ஆல் வகுத்தால் 1,400. ஒன்று சேர்த்தால் 1,401. 1,400 என்றே நிறுத்தினால் ஏழு பேர் அதைத் தொட முடியும். 1,401ஐ ஆறு பேருக்கு மேல் தொட முடியாது.

'வெற்றி எண்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் கடைசியில் மிஞ்சிய இடங்களும் மிஞ்சிய வேட்பாளர்களும் ஒரே எண்ணிக்கையாக வந்தால், இதை எட்டாமலே வெல்லலாம். அது அடிக்கடி நடப்பதுதான். 'தேர்வெண்' பள்ளித் தேர்வுக்குப் போய்விட்டது. 'நிறைவெண்' என்று வைக்கலாம்: ஒருவருக்குப் போதுமான அளவு நிறைந்துவிட்டது, அதற்கு மேல் இருப்பது மிகை.

மிகையைப் பிரிக்கும் முறையோடு இந்தச் சொல் இயல்பாகப் பொருந்துகிறது. ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே 1,701 பெற்றால் மிகை 300. அவருடைய 1,701 சீட்டுகளையும் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். அடுத்த எண் இல்லாதவை தனியே போகும். மாற்றத்தக்கவை 1,500, அவற்றில் ஒருவருக்கு 600 என்றால், அவருக்கு 300இல் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 120. இந்த 120 சீட்டுகளை அந்த 600 சீட்டுக் கட்டின் மேலிருந்து கையால் எடுத்து அவர் கட்டில் வைக்கிறார்கள். மூன்றாம் எண் யாருக்கு என்பது எடுபட்ட அந்த 120ஐப் பொறுத்தது. எண்ணும் முன் சீட்டுகளைக் கலக்குவது இதனால்தான். செனட் (மேலவை) தேர்தலில் மட்டும் ஒவ்வொரு சீட்டுக்கும் 1,000 மதிப்புக் கொடுத்துப் பின்னக் கணக்குப் பார்க்கிறார்கள். நம் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. பிரித்து எழுத வேண்டும்.

ந. எழுதியது:

ச. அவர்களுக்கும் ம., தி. இருவருக்கும் நன்றி. அவையுரிப் பணி, நிர்வாகப் பணி, தவிசாளர், நிறைவெண், மிகை ஆகியவற்றைச் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். கவுண்டி கவுண்டியாகவே இருக்கும்.

இன்னும் ஒன்று மீதி. ஓர் உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ அங்கே இடைத்தேர்தல் கிடையாது. மன்றமே ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறது. விலகியவர் கட்சிக்காரர் என்றால் அதே கட்சி முன்மொழிபவரைத்தான் சேர்க்க வேண்டும். நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகும் உறுப்பினர் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றத்து இடத்தை விட்டாக வேண்டும் என்பதால், பொதுத் தேர்தல் முடிந்தவுடன் இப்படிப் பல இடங்கள் ஒரே சமயத்தில் நிரப்பப்படும். வரைவில் இவர்களை 'நியமன உறுப்பினர்' என்கிறது. அரசு நியமித்ததாகப் பொருள்பட்டுவிடும். சேர்ப்பது அவையேதான், அதுவும் அவையுரிப் பணி. 'அவை சேர்த்த உறுப்பினர்' என்று தற்காலிகமாக மாற்றியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.