கார்ல ஹீட்டரோட முன்கண்ணாடிப் பட்டனையும் போட்டா ஏசி லைட்டும் சேந்து எரியுதுங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பல்லடத்துக்காரன்:
போன மார்கழில வால்பாறை போனமுங்க. நான், ஊட்டுக்காரி, நங்கை, பசங்க ரெண்டு பேரு, பின்னாடி அமுச்சி. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏறுறப்ப வெயிலு. அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் போனா மழை, மூடுபனி ரெண்டும் ஒண்ணா வந்துருச்சு. அமுச்சிக்குக் குளுருதுன்னு ஹீட்டரை முழுசாத் திருகி, வெளிக்காத்து வராம உள்காத்து பட்டனையும் அமுக்கி வெச்சிருந்தேன். ஆறு பேரு மூச்சு வேற. ரெண்டு வளைவு திரும்பறதுக்குள்ள முன்கண்ணாடி பாலு ஊத்துனாப்ல ஆயிப்போச்சு. நங்கை துண்டால தொடைக்குது, ஒரு நிமிசத்துல மறுக்கா ஆவி. எதுத்தாப்ல எஸ்டேட் பஸ்ஸு வர்றது லைட்டை வெச்சுத்தான் தெரிஞ்சுது.

பயத்துல முன்கண்ணாடிக்குக் காத்து போற பட்டனை அமுக்கினேன். டக்குனு ஒரு சத்தம், இஞ்சின் ஒரு மூச்சு எறங்கி ஏறுச்சு, ஏசி லைட் எரிஞ்சுது. ஆனா ஓட்டைல வர்றது சூடான காத்து! ஏதோ கோளாறுன்னு ஏசியை அணைச்சேன். மறுக்கா ஆவி. மறுக்கா போட்டேன், கண்ணாடி கீழ இருந்து மேல வரைக்கும் தெளிஞ்சுது.

திரும்பி வர்றப்ப பொள்ளாச்சில ஒரு ஏசி மெக்கானிக்கிட்ட நிறுத்தினேன். பெரியவரு ஒண்ணும் பேசல. ஹீட்டர், ஏசி ரெண்டையும் போட்டு உட்டுட்டு, "வண்டிக்கு அடில பாருங்க தம்பி"ன்னாரு. குனிஞ்சு பாத்தா ரப்பர் குழாய்ல தண்ணி சொட்டுச் சொட்டா உழுகுது. "அது உங்க கண்ணாடில ஒட்டியிருக்க வேண்டிய தண்ணி"ன்னாரு. காத்து மொதல்ல கூலிங் காயில் மேல போகுது. ஜில்லுனு தண்ணி ஊத்துன சொம்புல வெளிப்பக்கம் வேர்க்குமில்ல, அதே மாதிரி ஈரம் அங்கியே படிஞ்சு குழாய்ல எறங்கிருது. காஞ்ச காத்து அப்பறம் ஹீட்டர் காயிலைத் தாண்டி சூடாகி வருது. அந்தச் சூடு இஞ்சின் கூலன்ட்ல (இஞ்சினைச் சுத்தி ஓடற தண்ணி) இருந்து வர்றது, கம்ப்ரசருக்கும் (ஏசி கேஸை அமுக்கிச் சுத்த உடற பம்பு, அது ஓட ஆரம்பிக்கற சத்தந்தான் அந்த டக்) அதுக்கும் சம்மந்தம் இல்ல. இங்க கம்ப்ரசர் வேலை கூலிங் காயிலை ஜில்லுனு வெச்சு ஈரத்தை எடுக்கறது மட்டும். நான் பத்து வருசமா ஹீட்டரும் ஏசியும் ஒண்ணுக்கொண்ணு சண்டைன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க.

மேட்டுப்பாளையம் டாக்ஸி:
இதுக்கு நேர் எதிர்க்கதை எங்கிட்ட இருக்குதுங்க. ஒரு தை மாசம், ஊட்டி தலைக்குந்தாவுல விடியக்காலம். புல்லு பூரா வெள்ளையா உறைபனி. கண்ணாடி பட்டனை அமுக்குறேன், லைட் எரியுது, ஆனா அந்த டக் சத்தமே கேக்கல. மேலயே ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினா, "கேஸ் காலி, கம்ப்ரசரும் போயிருச்சு"ன்னு நீட்டா ஒரு எஸ்டிமேட் போட்டுட்டாங்க. சவாரி இருக்குது, சாயங்காலம் வர்றேன்னு நழுவிட்டேன். கீழ கல்லாறு வந்து போட்டா ஜில்லுனு வேலை செய்யுது!

வெளிய பூஜ்ஜியத்துக்குப் பக்கமா இருந்தா சென்சார் கம்ப்ரசரை ஓட உடாது. ஓடுனா காயில்ல படியுற தண்ணி ஐஸா ஒறைஞ்சு காத்தே வராது. அந்தக் குளுர்ல வெளிக்காத்துல ஈரமும் கம்மிதான். வெளிக்காத்தைத் தொறந்து ஹீட்டர் மட்டும் போட்டாலே கண்ணாடி தெளிஞ்சிரும். இஞ்சின் சூடாகத்தான் சித்த நேரம் ஆகும். உள்காத்து பட்டன் மட்டும் வேண்டவே வேண்டாமுங்க. பாதிப் பேரு அங்கதான் தப்புப் பண்றாங்க.

கோபி மெக்கானிக்:
சரியாச் சொன்னீங்க. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். டீசல் போகுதுன்னு எங்கய்யன் மாதிரி வருசக்கணக்கா ஏசியே போடாதவங்க இருக்கறாங்க. கம்ப்ரசர் ஆயில் கேஸோட சேந்துதான் சுத்தும். ஓடாமயே கெடந்தா முன்னாடி ஷாஃப்ட் சீல் (சுத்தற தண்டு பக்கமா கேஸ் வெளிய போகாம அடைக்கற வளையம்) காஞ்சு, கேஸ் கசிய ஆரம்பிச்சிரும். எங்கய்யன் சித்திரை வெயில் தாங்காம ஒரு நாள் போட்டாரு, அனல் காத்துத்தான் வந்துச்சு. மழைக்காலத்துலயும் வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஓட உடுங்க.

திருப்பூர் அம்மணி:
எங்களுது கரண்டு காருங்க. இஞ்சினே இல்லியே, சூடு எங்கிருந்து வரும்னு வாங்குனன்னைக்கே கேட்டேன். ஹீட் பம்ப் இருக்கற மாடல்ல கம்ப்ரசரே கேஸை வேற வழில சுத்த உட்டு, வெளிக்காத்துல இருக்கற சூட்டை எடுத்து உள்ள தருமாம். எங்க மாடல்ல அது இல்ல, கரண்டுல சூடாகற ஹீட்டர்தான். கொடநாடு போனப்ப அதைப் போட்டதுமே ரேஞ்ச் (மிச்ச சார்ஜுல போகற தூரம்) எறங்கறது கண்ணுக்கே தெரிஞ்சுது. அப்பறம் சொட்டரை மாட்டிட்டு உக்காந்தமுங்க.

ஒரு சந்தேகம்: நம்மூர்ல ஐப்பசி மழைல ஏசி போட்டா கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஆவி புடிக்குதே, அதுக்கும் இதே வைத்தியமா?

பல்லடத்துக்காரன்:
இல்லீங்க, அது தலைகீழ். கண்ணாடி உள்ள ரொம்ப ஜில்லுன்னு ஆயி, வெளிய இருக்கற ஈரம் அதுமேல படியுது. காத்தைக் கண்ணாடிப் பக்கம் உடாம மூஞ்சிப் பக்கம் திருப்பி, கூலிங்கைக் கொறைச்சு, வைப்பரை ஒரு தட்டு தட்டுங்க. உள்பக்கமா வெளிப்பக்கமான்னு வெரலால தொட்டுப் பாத்துட்டு அப்பறம் பட்டன்ல கை வைங்க.