டேஷுக்கு மட்டும் ‘ரீப்ளேஸ் ஆல்’ வேண்டாம்

சென்னையில் இருந்தபடி வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் புத்தகங்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறேன். ஹைஃபன் (-), என் டேஷ் (–), எம் டேஷ் (—) மூன்றோடும்தான் தினமும் மல்லுக்கட்டு. விதி தெரியாததால் கெடுவதைவிட, விதியை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவதால் கெடுவதுதான் அதிகம் என்பேன்.

சமீபத்தில் ஓர் அறிவியல் புத்தகம் ப்ரூஃபுக்கு வந்தது. எண்களுக்கு நடுவே ஹைஃபன் இருந்தால் என் டேஷ், இரட்டை ஹைஃபன் என்றால் எம் டேஷ் என்று யாரோ ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்து மொத்தமாக மாற்றியிருந்தார்கள். பக்கம் 45–52, ஆண்டு 1914–1918 எல்லாம் கச்சிதம். ஆனால் புத்தகங்களின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குள்ளும் என் டேஷ் புகுந்துவிட்டது. ஹைஃபன் உள்ள டிஓஐ (ஆய்வுக் கட்டுரைகளின் நிரந்தர இணைய அடையாளம்) இணைப்புகளைச் சொடுக்கினால் திறக்கவில்லை. நம் கண்ணுக்கு எல்லாம் கோடுதான்; கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள்.

வயிற்றைக் கலக்கியது ஒரு வெப்பநிலை அட்டவணை. மைனஸ் 5 முதல் மைனஸ் 2 டிகிரி வரை என்பதை ஆசிரியர் -5--2 என்று அடித்திருக்கிறார். அது -5—2 ஆகிவிட்டது. படிப்பவர் இதை மைனஸ் 5 முதல் பிளஸ் 2 வரை என்றுதானே எடுத்துக்கொள்வார்? இப்படிப்பட்ட இடத்தில் எந்த டேஷும் உதவாது. நடுவில் ‘டு’ (to) என்று எழுதிவிட்டு, எண்களுக்கு முன்னால் முறையான கழித்தல் குறி போடுவதுதான் வழி. அப்படியே திருத்தி அனுப்பினேன்.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொன்று: ‘ஃப்ரம் 1914–1918’. ‘ஃப்ரம்’ வந்துவிட்டால் ‘டு’ வந்தே ஆக வேண்டும்; ‘பிட்வீன்’ வந்தால் ‘அண்ட்’. பாதியைச் சொல்லாலும் மீதியைக் கோட்டாலும் எழுதக் கூடாது.

அப்புறம் வாக்கியத்தின் நடுவே வரும் டேஷ். அமெரிக்கப் பதிப்பாளர்களின் நடைக் கையேடான சிகாகோ மேனுவல் படி எம் டேஷ், இருபக்கமும் இடைவெளி கிடையாது. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பலவற்றில் இடைவெளி விட்ட என் டேஷ். ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் பிரிட்டனில் இருந்தாலும் இடைவெளியில்லா எம் டேஷ்தான். அதனால் நாட்டைப் பார்க்காதீர்கள், பதிப்பகம் தரும் ஸ்டைல் ஷீட்டை, அதாவது நடை விதிகளின் பட்டியலைப் பாருங்கள். எது என்றாலும் சரி, இடைச்செருகலை டேஷ் போட்டுத் தொடங்கிவிட்டு, நடு வாக்கியத்தில் கமா போட்டு முடிக்காதீர்கள்.

இவற்றைத் தட்டச்சு செய்ய, விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 0150 அடித்தால் என் டேஷ், 0151 அடித்தால் எம் டேஷ். மேக்கில் ஆப்ஷனோடு ஹைஃபன் அடித்தால் என் டேஷ், ஷிஃப்ட்டும் சேர்த்தால் எம் டேஷ்.