பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு அன்றாடப் பயணம்

கேள்வி: சென்னையில் மாதவரம்–சிறுசேரி மெட்ரோ பணிக்காக ராஜீவ் காந்தி சாலையின் நடுவே தடுப்புகள் வைக்கப்பட்ட பின், பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் அலுவலகத்திற்கு இருசக்கர வாகனத்தில் செல்ல எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. வீடு மாற்ற இயலாத நிலையில் வேறு வழி உண்டா?

பதில் 1: வண்டியைப் பெரம்பூர் ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டு, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் சென்று, அங்கிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் (மேம்பாலப் பாதையில் ஓடும் ரயில்) ஏறித் திருவான்மியூரில் இறங்கினால், நகருக்குள் இருக்கும் நெரிசல் அத்தனையும் கழிந்துவிடும். அதன்பின் பேருந்துதான்.

பதில் 2: அந்தப் பேருந்துப் பகுதிதான் பாடாய்ப் படுத்தும். நான் மேலாளரிடம் பேசிக் காலை ஏழு மணிப் பணிநேரம் வாங்கியதால், மாலை நான்கு மணிக்கே பெருங்குடியைத் தாண்டிவிடுகிறேன்.

கேட்டவர்: இன்று ரயிலில் வந்தேன். மிச்சமானது இருபது நிமிடமே. ஆனால் கிளட்ச் பிடித்து மரத்துப்போகும் இடக்கை விரல்கள் இன்று வலிக்கவில்லை.