‘தொமினிக்’ பாட்டின் பணம் யாருக்குப் போனது?

கேள்வி (பழைய இசைத்தட்டு)

வணக்கம். உலகம் ‘பாடும் கன்னியாஸ்திரி’ என்று அறிந்த பெல்ஜியத்தின் ஜானின் டெக்கர்ஸ் பற்றி ஓர் ஐயம். அவர் எழுதிப் பாடிய ‘தொமினிக்’ 1963 டிசம்பரில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘லூயி லூயி’ போன்ற ஆரவாரமான ராக் பாட்டே அதைத் தாண்ட முடியாமல் இரண்டாம் இடத்தில் நின்றது. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் வரி கட்ட வழியின்றித் தவித்தார் என்று படிக்கும்போது கணக்கு எங்கோ உதைக்கிறது. பணத்தை எல்லாம் மடம்தான் எடுத்துக்கொண்டது என்று சிலர் சொல்வது சரியா?

மறுமொழி (வாட்டர்லூ வாசகர்)

மடத்தை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான். அவர் 1959இல் வாட்டர்லூவை அடுத்த ஃபிஷர்மோன் தொமினிக்கன் மடத்தில் சேர்ந்து, அருட்சகோதரி லூக்-கபிரியேல் ஆனார். தியானத்துக்கு வரும் இளம் பெண்களுக்காக அவர் கித்தாருடன் பாடியவற்றைச் சில பிரதிகள் பதிவு செய்தால் போதும் என்றுதான் சகோதரிகள் பிரசல்ஸில் உள்ள பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தை அணுகினார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவி தம் பெயரில் ஒரு காசும் வைத்திருக்க முடியாது என்பதால், பெரும்பங்கு நிறுவனத்துக்குப் போக, அவருக்கென்று வந்த ராயல்டி மடத்துக்குச் சேர்ந்தது. 1966இல் மடத்தை விட்டு அவர் வெளியேறிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. வருமானம் உங்களுடையது, ஆகவே வரியும் உங்களுடையது என்றது பெல்ஜிய அரசு. கேட்ட தொகை ஏறத்தாழ 63,000 டாலர். பணம் மடத்துக்குப் போனது என்று அவர் சொன்னார், ஆனால் அதை மெய்ப்பிக்க ரசீது எதுவும் அவர் கையில் இல்லை.

மறுமொழி (கோயில் பாடகர்)

பணத்தைவிடப் பெரிய இழப்பு பெயர் என்பது என் கருத்து. ‘ஸர் சூரீர்’ (புன்னகைச் சகோதரி) என்ற மேடைப்பெயர் அவருக்குச் சொந்தமாக இல்லாததால், வெளியே வந்தபின் ‘லூக் தொமினிக்’ என்ற, யாரும் அறியாத பெயரில் பாட வேண்டியிருந்தது. 1967இல் கருத்தடை மாத்திரையைப் புகழ்ந்து ஒரு பாட்டு வெளியிட்டதால்தான் அவர் வாழ்க்கை சரிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் பாட்டு பழைய ரசிகர்களை அதிரவைத்தது உண்மைதான், என்றாலும் தம் பெயரைத் தாமே பயன்படுத்த முடியாத ஒருவர் அதற்கு முன்பே பாதிச் சந்தையை இழந்துவிட்டார்.

பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பல்லவி குழந்தைப் பாட்டுப் போல இருப்பதால் சரணங்களை யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்துக் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று வணங்கும் புனிதரின் வரலாறு அது. ஒட்டகமும் இல்லாமல், வண்டியும் இல்லாமல், புனித ஏழ்மையில் ஐரோப்பா முழுதும் அவர் நடந்தே போகிறார். முட்புதர் வழியே தம்மை இழுத்துச் சென்ற திருச்சபை எதிர்ப்பாளரைக்கூட வாதத்தால் அல்ல, தம் மகிழ்ச்சியாலேயே மனம் திருப்புகிறார். ஏழ்மையைப் பாடிய அந்த வரிகளே எழுதியவர் தலையில் வரிக்கடனாக வந்து விழுந்தது கொடுமை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? 1982இல் ‘தொமினிக்’கை மின்னணு இசையுடன் அவரே மீண்டும் பாடியதும் இணையத்தில் கிடைக்கிறதே?

மறுமொழி (வாட்டர்லூ வாசகர்)

பழைய பதிவையே முதலில் கேளுங்கள். மூச்சு வாங்குவது வரை காதில் விழும் அந்தக் குரலில் பயிற்சியின் மெருகு குறைவு, தெளிவு மிகுதி. 1982ஆம் ஆண்டுப் பதிவு வரிக்கடனை அடைப்பதற்காகச் செய்த முயற்சி; தாளக்கருவியின் இரைச்சலில் சொற்கள் மூழ்கிப்போகின்றன, விற்பனையும் கைகொடுக்கவில்லை. அவரும் தோழி ஆனி பெஷேவும் சேர்ந்து ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக நடத்திய பள்ளியும் பணமின்றி மூடப்பட்டது. 1985 மார்ச் இறுதியில் இருவரும் வாவ்ர் நகரில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அங்கேயே ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2009இல் வந்த பிரெஞ்சு மொழித் திரைப்படம் இந்தப் பிற்பகுதியையும் சொல்கிறது; 1966இல் ஹாலிவுட் எடுத்த படத்தை வரலாறாக எண்ணிவிட வேண்டாம்.