மாணவனைப் பிடித்துத் தடுத்த அணிவகுப்புப் பயிற்றுநர்: தற்காப்பு எதுவரை? உங்கள் அனுபவங்களைப் பகிரவும்

பள்ளிப் பேண்டு பயிற்றுநர், திருச்சி:

சுதந்திர தின அணிவகுப்புக்கான ஒத்திகை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு சேர்ந்து பயிற்சி அளிக்கும் இளைஞர் ஒருவர் பதினொன்றாம் வகுப்பு மாணவனைத் தரையில் சாய்த்துப் பிடிக்க நேர்ந்தது. ஒத்திகைக்குத் தொடர்ந்து வராததால் பேண்டுக்கு முன்னால் கோல் ஏந்தி வழிநடத்தும் டிரம் மேஜர் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்திருந்தோம். அன்று மாலை மைதானத்துக்கு வந்தவன், புதியவனின் கையிலிருந்த மேஸ் என்னும் அந்தக் கோலைப் பிடுங்கிப் பயிற்றுநரின் தலையைக் குறிவைத்து ஓங்கினான். மேஸைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். மேல்முனையில் குமிழும் கீழ்முனையில் பூணும் கொண்ட அந்தக் கோல் பார்வைக்கு அலங்காரப் பொருளாகத் தோன்றினாலும் மண்டையை உடைக்கப் போதுமானது.

பின்வாங்கியிருக்கலாமே என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். அவருக்குப் பின்னால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சைடு டிரம்களை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர் நகர்ந்திருந்தால் அடி அவர்கள்மேல் விழுந்திருக்கும். ஆகவே அவர் முன்னே பாய்ந்து, கோலை இரு கைகளாலும் பற்றி, உதைத்துக்கொண்டிருந்த மாணவனைக் குப்புறச் சாய்த்துத் தோள்பட்டையில் முழங்காலை ஊன்றினார். இதுவரை எனக்கு எந்த ஐயமும் இல்லை. மேஸை நான் எடுத்து அப்பால் வைத்த பிறகும், "மன்னிப்புக் கேள்" என்று சொல்லிக்கொண்டே அவர் முழங்காலை எடுக்காமல் இருந்ததுதான் என்னை உறுத்துகிறது. மாணவனுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. பெற்றோர் புகார் கொடுத்துவிட்டார்கள். கைப்பேசியில் எடுத்த காணொளியோ மாணவன் தரையில் கிடப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. நிர்வாகம் என்னை எழுத்துமூலம் விளக்கம் தரச் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட நிலையைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்:

தேசிய மாணவர் படையின் பட்டாலியன் ஒன்றில் நிரந்தரப் பயிற்றுநராகப் பணியாற்றிய காலத்தில், ஆண்டுப் பயிற்சி முகாமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தன்னைக் கேலி செய்த சீனியர் கேடட்டை அடிப்பதற்காக ஒரு சிறுவன், கூடார முளை அடிக்கும் மரச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். குறுக்கே நின்றவன் நான். கையை நீட்டுவதற்கு முன்பாக, கவாத்து மைதானத்தில் கொடுக்கும் அதே குரலில் "தம்!" (நில்!) என்று ஆணையிட்டேன். ஓடிவந்தவனின் கால்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்து நின்றுவிட்டன. கோபம் முகத்தில் அப்படியே இருந்தது, உடம்பு மட்டும் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. அதற்குள் நான் சுத்தியலை வாங்கிவிட்டேன். நாள்தோறும் செய்யும் கவாத்து உடம்பில் ஊறிப்போயிருப்பதால் கிடைக்கும் பயன் இது. கராத்தே தெரிந்த பயிற்றுநருக்கும் முதல் ஆயுதம் குரல்தான்.

குரல் எப்போதும் பலிக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேறொரு முறை ஒருவன் பின்னாலிருந்து என் முதுகில் குத்தினான். திரும்பி, அவன் கைகளோடு சேர்த்து உடலை இறுகக் கட்டிப் பிடித்து, மற்றவர்கள் வரும்வரை விடாமல் நின்றேன்; ஓர் அடியும் திருப்பிக் கொடுக்கவில்லை. தாங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் முழங்கால். குப்புறக் கிடப்பவன்மேல் எடையை ஏற்றினால், அது தோளிலிருந்து சற்று நழுவி முதுகுக்கு வந்தாலும் மூச்சு தடைப்படும். ஆளைச் சாய்த்தவுடன் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

ஒரு மாணவனின் தாய், மதுரை:

இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் பயிற்றுநரின் பக்கம் நின்று யோசிப்பதால் இதை எழுதுகிறேன். என் மகனைப் பேண்டு ஒத்திகையில் தாளம் தவறியதற்காகக் கன்னத்தில் அறைந்தார்கள். கேட்கப் போனபோது, "உங்கள் பையன்தான் முதலில் கையை ஓங்கினான்" என்று பதில் வந்தது. அடியைத் தடுக்க முகத்துக்கு முன் கையைக் கொண்டுபோனதைத்தான் ஓங்கியதாகச் சொன்னார்கள் என்று உடனிருந்த பிள்ளைகள் கூறினார்கள். 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தாணேயில், மழைத் தண்ணீரில் தலையை ஊன்றி நிற்கவைக்கப்பட்ட தேசிய மாணவர் படை மாணவர்களைச் சீனியர் ஒருவர் கம்பால் அடித்த காணொளி வெளிவந்ததே, அது வெளிவராமல் போயிருந்தால் அங்கேயும் 'ஒழுங்கு' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். தற்காப்பு என்று ஒருவர் சொன்னால், அதற்கு முந்திய நிமிடத்தில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். மேஸை ஓங்கிய மாணவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை.

வழக்குரைஞர், சென்னை:

இத்தகைய வழக்குகளில் பயிற்றுநருக்காகவும் பெற்றோருக்காகவும் வாதாடியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. தற்காப்புரிமை அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. 35ஆவது பிரிவு தம் உடலை மட்டுமல்லாமல் பிறர் உடலைக் காப்பதற்கும் உரிமை தருவதால், பின்னால் நின்ற சிறுவர்களின் வரிசை இவ்வழக்கில் மிக முக்கியமான சான்று. விளக்கத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதை வரைபடமாகவே போட்டுக் கொடுங்கள்.

"சின்னப் பையன் செய்ததற்கு என்ன தற்காப்பு" என்று நிர்வாகத்தினர் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தாக்கியவரின் செயல் அவருடைய இளம்வயது, முதிராத அறிவு போன்ற காரணங்களால் குற்றமாகாமல் போனாலும், தாக்கப்பட்டவருக்கு அதே தற்காப்புரிமை உண்டு என்று 36ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது 37ஆவது பிரிவு; ஆபத்து குறித்த நியாயமான அச்சம் எழும்போது தொடங்கும் இந்த உரிமை, அந்த அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே நீடிக்கும் என்பது 40ஆவது பிரிவு. தர்ஷன் சிங் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்ன நெறிகளும் இதையொட்டியவையே: தாக்கப்படுபவர் அந்த நொடியில் தம் பலத்தை அளந்து பயன்படுத்துவார் என எதிர்பார்க்க முடியாது, அதே சமயம், இந்த உரிமை பழிவாங்குவதற்கான அனுமதியும் அன்று.

ஆகவே மேஸைப் பற்றியது, சாய்த்தது, அந்தப் பிடியில் மணிக்கட்டு வீங்கியது ஆகியவை தற்காப்புக்குள் அடங்கும் என்று என்னால் துணிந்து வாதிட முடியும். மேஸ் அப்பால் போன பின் மன்னிப்புக் கேட்கவைக்க முழங்காலை அழுத்தியதை என்னால் காப்பாற்ற முடியாது. "மன்னிப்புக் கேள்" என்ற அந்தச் சொல்லே தற்காப்பு முடிந்து தண்டனை தொடங்கிவிட்டதற்கான சாட்சியாகிவிடும். பதினெட்டு வயது நிரம்பாத மாணவனாக இருந்தால், தம் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்குவதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவும் எதிரே வந்து நிற்கும். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு பயிற்றுநர்மேல் விழுந்தாலும், ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது அதுவே என்று நீதிமன்றம் ஏற்கும் அளவுக்குக் காட்டினால் போதும். காணொளியில் இல்லாத முதல் பாதியை உங்கள் சாட்சியம்தான் நிரப்ப வேண்டும். அதை நம்பவைக்க வேண்டுமானால் இரண்டாம் பாதியையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உடற்கல்வி ஆசிரியை, நாகர்கோவில்:

வழக்குரைஞர் சொன்னது ஏட்டில் தெளிவாக இருக்கிறது. அச்சம் எந்த நொடியில் தீர்ந்தது என்பது மைதானத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. என்னைவிட ஒரு தலை உயரமான பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், அணிவகுப்பில் பின்வரிசைக்கு மாற்றியதற்காகக் கொடிக்கம்பத்தோடு என்மேல் பாய்ந்தான். கம்பத்தைப் பறித்து, அவன் சட்டையைப் பிடித்திருந்த கையை உடனே விட்டேன். நான்கு எட்டு தள்ளிப்போய்ச் செங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினான். அப்போது அவனைத் தடுத்தவர் காவலாளி. என் பலத்தால் அது ஆகியிருக்காது. ஆகவே ஆயுதம் கைவிட்டுப் போன மறுகணமே பிடியை விட்டிருக்க வேண்டும் என்று அந்த இளைஞரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிடியைத் தளர்த்தாமல் வைத்திருப்பது வேறு, மன்னிப்புக் கேட்கும்வரை அழுத்துவது வேறு என்பதில் வழக்குரைஞரோடு எனக்கு முழு உடன்பாடு.

அதன் பிறகு எங்கள் பள்ளியில் சில மாற்றங்களைக் கொண்டுவந்தோம். இன்னொரு பெரியவர் உடனில்லாமல் ஒத்திகை தொடங்குவதில்லை. மேஸும் கொடிக்கம்பங்களும் அணி புறப்படும் வரை அறையில் பூட்டியே இருக்கும். ஒருவனைப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டுமானால் வரிசைக்கு முன்னால் அறிவிப்பதில்லை. முந்தைய நாளே அவனையும் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுகிறோம்.