சேமித்தவுடன் எடிட்டரே நிரலைத் திருத்தலாமா? ஹாஸ்கெல் எழுதுவோரிடையே ஒரு விவாதம்

சோம்பல்மதிப்பு:
எங்கள் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும், நிரலைப் படித்து யோசனை சொல்லும் எச்லின்ட் தரும் பரிந்துரைகள் அனைத்தையும் எடிட்டரே நிரலில் செய்து முடித்துவிட வேண்டுமாம். நான் இதை எதிர்க்கிறேன். காரணத்தை இங்கே வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எச்லின்ட், நீல் மிட்செல் உருவாக்கிய கருவி. "இதை இப்படிச் சுருக்கலாம்" என்று யோசனை சொல்லத் தொடங்கிய அது, இன்று எடிட்டருக்கு மொழியறிவு தரும் ஹாஸ்கெல் லாங்குவேஜ் சர்வர் வழியாக எடிட்டருக்குள் வந்து, ஒரு சொடுக்கில் மாற்றியும் கொடுக்கிறது. அதன் பரிந்துரைகளில் அடிக்கடி வருவது ஈட்டா சுருக்கம். ‘காட்டு எக்ஸ் = ஷோ எக்ஸ்’ என்று எழுதியிருந்தால் (ஷோ என்பது மதிப்பை எழுத்துச்சரமாக்கும் ஃபங்ஷன்), இரு பக்கமும் கடைசியில் நிற்கும் எக்ஸை அடித்துவிட்டு ‘காட்டு = ஷோ’ என்று எழுதச் சொல்லும். பள்ளிக் கணக்குப் போலத்தான் தோன்றும். ஆனால் டைப் அறிவிப்பு (எந்த வகை மதிப்பை ஏற்கும் என்று சொல்லும் வரி) எழுதப்படாத இடத்தில் இரண்டும் ஒன்றல்ல. முதல் வடிவம் ஷோ வகுப்பிலுள்ள, அதாவது ஷோ செல்லுபடியாகும், எந்த டைப்பையும் ஏற்கும். இரண்டாவதில் மோனோமார்ஃபிசம் கட்டுப்பாடு குறுக்கிட்டு, ‘காட்டு’வை ஒரே டைப்போடு கட்டிப்போட்டுவிடும். ஓரிடத்தில் எண்ணுக்கும் இன்னோரிடத்தில் பூலியனுக்கும் அதை அழைத்திருந்தால் பிழை வரும். அதுவும் கருவி கைவைத்த வரியில் வராமல், நாம் தொடவே தொடாத, அழைக்கும் வரியில் வந்து நிற்கும்.

வகைக்காவலன்:
நண்பரின் எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. கம்பைலர் தடுத்துவிட்டது அல்லவா? தடுக்கப்பட்ட தவறு தவறே அல்ல, பத்து நிமிட எரிச்சல், அவ்வளவுதான். மேலும், மேல்நிலை ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் டைப் அறிவிப்பு எழுதுவது ஹாஸ்கெல்காரர்களின் பழைய வழக்கம், எழுதாவிட்டால் ஹாஸ்கெல் கம்பைலரான ஜி.எச்.சி.யின் ‘வால்’ (-Wall) கொடி எச்சரிக்கும். எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

கையால் திருத்துவதில் நேரும் தவறுகளோ கம்பைலரையும் ஏமாற்றிவிடும். ஒருமுறை நான் ஒரு மாறியின் பெயரைத் தேடி மாற்றும் வசதியால் மாற்றினேன். புதிய பெயரிலேயே உள்ளே ஒரு லாம்டாவின் (பெயரில்லா ஃபங்ஷனின்) அளவுரு ஏற்கெனவே இருந்தது. இரண்டுக்கும் ஒரே டைப். கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கணக்கு மட்டும் தவறாக வந்தது, கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பெயரின் எல்லையை அறிந்த கருவி இதைச் செய்திருக்காது. கென்ட் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவான ஹேர் என்ற ஹாஸ்கெல் மறுசீரமைப்புக் கருவியே, புதிய பெயர் வேறொன்றோடு மோதுமானால் மாற்ற மறுத்துவிடும்.

சோம்பல்மதிப்பு:
பெயர் மாற்றத்தில் எனக்கு வழக்கில்லை. அதைக் கருவியிடம் விடுவதே சரி. கம்பைலரும் சோதனைகளும் பிடிக்காத மாற்றங்களைப் பற்றித்தான் என் அச்சம். எச்லின்ட்டின் ரீட்மி கோப்பே இவற்றை மறைக்கவில்லை: மதிப்பை உடனே கணக்கிட வைக்கும் சீக் பயன்படுத்திய நிரலில் ஈட்டா சுருக்கம் பொருளை மாற்றக்கூடும் என்றும், சில திருத்தங்களால் மதிப்புகள் வேறு டைப்புக்குப் போய்ச் சேர்ந்து நடத்தை மாறக்கூடும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. சீக் விவகாரம் அரிது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அரிதல்லாதது செலவு. எங்கள் நிரலில் ஒரு பெரிய பட்டியலின் கூட்டுத்தொகையை, கோவைக்குப் பெயரிடும் லெட் வைத்து ஒருமுறை கணக்கிட்டு, அதன் பின் ஒவ்வொரு வரிசையின் விழுக்காட்டையும், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப் கொண்டு எடுத்தோம். ஒருவர் எடிட்டரில் அந்த லெட்டை விரித்து, கோவையை லாம்டாவுக்குள்ளேயே வைத்துவிட்டார். விடை மாறவில்லை, சோதனைகள் எல்லாம் பச்சை. 4 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த இரவு வேலை மட்டும் விடிந்தும் முடியவில்லை. வரிசைதோறும் கூட்டுத்தொகை புதிதாகக் கணக்கிடப்பட்டது.

வகைக்காவலன்:
ஆப்டிமைசேஷன் கொடி போட்டிருந்தால் ஜி.எச்.சி.யின் ஃபுல் லேசினஸ் என்ற ஆப்டிமைசேஷன் அந்தக் கோவையை மீண்டும் வெளியே இழுத்திருக்குமே?

சோம்பல்மதிப்பு:
இழுத்திருக்கும். அந்த மாட்யூலில் அதை அணைத்து வைத்திருந்தோம், வேறொரு நினைவகக் கசிவுக்காக. அந்தக் கசிவும் இதன் மறுபக்கம்தான்: வெளியே இழுக்கப்பட்ட ஒரு நீளப் பட்டியல் நிரல் முடியும்வரை நினைவகத்தில் அமர்ந்துகொண்டது. உள்ளே போட்டால் நேரம் போகிறது, வெளியே எடுத்தால் நினைவகம் போகிறது. எது வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும், கருவிக்கு அல்ல.

ஒட்டகப்பாகன்:
ஓகேமல் என்ற நிரல்மொழியில் எழுதுபவன் இடையே ஒரு சொல் சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் செலவைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள். எங்களுக்கு விடையே மாறிவிடும். முதலில் ஒரு வரியைப் படித்து ‘அ’ என்றும், அடுத்த வரியைப் படித்து ‘ஆ’ என்றும் லெட்டில் வைத்து, இரண்டையும் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறோம் என்று கொள்ளுங்கள். லெட்டுகளை விரித்து, படிக்கும் அழைப்புகளை நேராக ஃபங்ஷனின் அளவுருக்களாக வைத்தால், ஓகேமல் அளவுருக்களை எந்த வரிசையில் கணக்கிடும் என்பது மொழி வரையறையில் இல்லை. நடைமுறையில் பெரும்பாலும் வலமிருந்து இடமாகவே கணக்கிடுகிறது. இரண்டாம் வரி ‘அ’வாகவும் முதல் வரி ‘ஆ’வாகவும் போய்விடும். பெயர் மாற்றமும் எங்களுக்கு எளிதல்ல. ஃபங்க்டர்களும் (மாட்யூலை வாங்கி மாட்யூல் தருபவை) மாட்யூல் டைப்புகளும் குறுக்கே இருப்பதால், ஒரு மாட்யூலில் ஒரு பெயரை மாற்றினால் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் இன்னொரு மாட்யூலிலும் மாற்றியாக வேண்டியிருக்கும். இதற்கென்றே கென்ட்டில் ரோட்டர் என்ற கருவியை எழுதி, 2019-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

வகைக்காவலன்:
நன்றி, நான் சொல்ல வந்ததையே ஒட்டகப்பாகன் சொல்லிவிட்டார். எங்கள் ஹாஸ்கெலில் பக்க விளைவுகள் (வரியைப் படிப்பது போன்றவை) டைப்பிலேயே தெரிவதால்தான் லெட்டை விரித்தாலும் விடை மாறுவதில்லை. தானியங்கித் திருத்தத்தை இங்கேயே நம்பாவிட்டால் வேறு எங்கே நம்புவது?

இருந்தாலும் செலவு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஈட்டா சுருக்கத்தை எச்லின்ட் அமைப்புக் கோப்பில் அணைத்துவிடலாம்; 2021-இல் வந்த ஜி.எச்.சி. 9.0, உயர்படி டைப்புகளில் (அளவுருவே பல டைப்புகளுக்குப் பொதுவாக இருப்பவை) ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்துமா என்று சொல்லும் சப்சம்ப்ஷன் விதியை இறுக்கியதிலிருந்து, அந்தப் பரிந்துரையை ஏற்றுக் கம்பைல் ஆகாமல் போன நிரல்களை நானே பார்த்திருக்கிறேன். சேமிக்கும்போது இடைவெளி ஒழுங்கும் இம்போர்ட் வரிகளும் மட்டும் திருத்தப்படட்டும். மற்றவற்றை எடிட்டர் பரிந்துரையோடு காட்டும் விளக்குக் குறியைச் சொடுக்கியே ஒவ்வொன்றாகச் செய்வோம்.

சோம்பல்மதிப்பு:
அப்படியானால் எனக்கு உடன்பாடு. ஒரு நிபந்தனை: கருவி செய்த மாற்றம் தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) வர வேண்டும், கையால் எழுதியதோடு கலக்கக் கூடாது.

வகைக்காவலன்:
தேவையற்ற அடைப்புக்குறி இரண்டை நீக்கியதற்கும் தனி கமிட்டா? அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

சோம்பல்மதிப்பு:
அடைப்புக்குறிக்கு விலக்கு அளிக்கலாம். லெட்டைத் தொட்டால் விலக்கு இல்லை.